இண்டக்‌ஷன் அடுப்பு: ப்ளக்கில் தொடங்கி பழுது வரை, செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

‘கெட்டுப்போச்சு’ என்று நம் பக்கத்தில் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் இண்டக்‌ஷன் அடுப்புகளில் பல நல்ல நிலையில்தான் இருக்கும். கோளாறு சுவரில் இருக்கும் ப்ளக்கில் இருக்கும், மேலே வைத்த பாத்திரத்தில் இருக்கும், அல்லது அடியில் காற்று போக வழியில்லாமல் அடைபட்டிருக்கும். அதனால் புதிதாக வாங்குகிறவர்கள் கடைக்குப் போவதற்கு முன்னால் வீட்டையும் பாத்திர அலமாரியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

இந்த அடுப்பு இங்கே யாருக்கெல்லாம் உதவும்? வெளியூரில் இருந்துகொண்டு படைப்புக்கும் (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடும் நாள்) கல்யாணத்துக்கும் மட்டும் ஊருக்கு வருகிறவர்களுக்கு முதலில் உதவும். நாலு நாள் தங்குவதற்காகப் பெரிய வீட்டில் சிலிண்டர் வைத்துப் பராமரிப்பது சிரமம். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, கோட்டையூரிலும் பள்ளத்தூரிலும் தனியாக இருக்கும் ஆச்சிமார்களுக்கும் நல்லது. கேஸை மூடினோமா இல்லையா என்ற கவலை இல்லை. காரைக்குடியில் அறை எடுத்துப் படிக்கிற பிள்ளைகளுக்கும் சரிப்படும்.

வேலை செய்கிற விதத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் பல சந்தேகங்கள் தானாகத் தீரும். கண்ணாடிக்கு அடியில் செப்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. வினாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் மாறிக்கொண்டே இருக்கும் மின்சாரம் அதில் ஓடுகிறது. அதனால் எழும் காந்தப்புலம், மேலே இருக்கும் பாத்திரத்தின் அடித்தகட்டில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. பாத்திரமே சூடாகிறது. கண்ணாடி தானாகச் சூடாவதில்லை. பாத்திரத்தின் சூடு அதற்கு இறங்குகிறது, அவ்வளவுதான். இதிலிருந்து மூன்று விஷயம் வருகிறது. பாத்திரத்தின் அடியில் காந்தம் பிடிக்கும் இரும்பு வேண்டும். அடுப்புக்குள் இருக்கும் மின்னணுப் பாகங்கள் சூடாகும், அவற்றுக்குக் காற்று வேண்டும். நிறைய கரண்ட் இழுக்கும், அதைத் தாங்கும் வயர் வேண்டும்.

முதலில் ப்ளக் பாயிண்ட்

2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் ஓடும்போது 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். மிக்சி, டிவி செருகும் சின்ன ப்ளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. நாம் ‘பவர் ப்ளக்’ என்று சொல்லும் பெரிய ஓட்டை உள்ளது 16 ஆம்பியர். இண்டக்‌ஷன் அடுப்பு அங்கேதான் போக வேண்டும். பெரிய பின்னைச் சின்ன ஓட்டைக்குள் நுழைக்க ஒரு கன்வெர்ஷன் ப்ளக் கடையில் கிடைக்கும், தயவுசெய்து வாங்காதீர்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம். 1200 வாட் அடுப்பு 5.2 ஆம்பியர்தான் இழுக்கும், கணக்குப்படி சின்ன ப்ளக் தாங்கும். ஆனால் பழைய வீட்டின் தளர்ந்துபோன சாக்கெட்டை நம்பி அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்ட நான் சொல்ல மாட்டேன்.

செட்டிநாட்டு வீடுகளில் இது முக்கியமான சிக்கல். அடுப்படி வீட்டின் பின்கோடியில், கடைசிக் கட்டுப் பகுதியில் இருக்கும். விறகு அடுப்புக்காகக் கட்டிய இடம் அது. கரண்ட் வந்தபோது ஒரு பல்பும் ஒரு சின்ன ப்ளக்கும் போதும் என்று விட்டிருப்பார்கள். முகப்பில் இருக்கும் மெயின் போர்டிலிருந்து பட்டாலை (முன்கூடம்), வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) எல்லாம் தாண்டி, மரப் பட்டி மேல் கிளிப் அடித்து ஓடி வந்த பழைய வயர் அங்கே முடியும். அந்த வயரின் மேலுறை காய்ந்து, தொட்டால் உதிரும். அதில் 2000 வாட் ஏற்றினால் வயர் சூடாவது உங்களுக்குத் தெரியாது. அது மரத்தின் மேலே ஓடுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இப்படிச் சொல்லுங்கள்: ‘அண்ணே, மெயின் போர்டிலிருந்து அடுப்படிக்கு இண்டக்‌ஷன் அடுப்புக்கு மட்டும் தனி லைன் வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், 16 ஆம்பியர் எம்.சி.பி., 16 ஆம்பியர் சுவிட்ச், சாக்கெட். எர்த் வயரும் சேர்த்து இழுங்கள்.’ எம்.சி.பி. என்பது சுமை கூடினால் தானாக விழுந்து கரண்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச். தூரம் மிக அதிகம் என்றால் அவரே 4 சதுர மில்லிமீட்டர் போடலாம் என்பார். சரி என்று சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் இதோடு சேர்த்து அதையும் போட்டுவிடுவது நல்லது. உடம்பில் கரண்ட் பாய்ந்தால் உடனே துண்டிக்கிற கருவி அது.

ஒரு வேண்டுகோள். சுண்ணாம்பு அரைத்து இழைத்துப் பூசிய பழைய சுவரை வயருக்காக வெட்ட விடாதீர்கள். அந்த வழவழப்பைத் திரும்பப் பூசும் கொத்தனார் கிடைப்பது கஷ்டம், சிமெண்ட் போட்டு அடைத்தால் அந்த இடம் தனியாகத் தெரியும், பிறகு விரியவும் செய்யும். மேலோட்டமாக பி.வி.சி. பட்டி வைத்து, உத்தரத்தை ஒட்டியே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

எர்த் இருக்கிறதா என்று சரியாகப் பார்க்க வேண்டும். மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று ஆகிவிடாது. பல வீடுகளில் மேல் ஓட்டையில் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியன் சோதித்துச் சொல்வார். நம் ஊர் வறண்ட செம்மண் பூமி. சித்திரை, வைகாசியில் எர்த் குழியும் காய்ந்துபோகும், காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது. வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது பழைய பழக்கம், நல்ல பழக்கம். அடுப்பில் வைத்த பாத்திரத்தைத் தொடும்போது விரலில் லேசாகச் சுள்ளென்றால் உடனே சுவிட்சை அணைத்து, எர்த்தைப் பார்க்கும்வரை தொடாதீர்கள்.

வீட்டு இன்வெர்ட்டரில் இதைப் போட முடியாது. ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கிய 800, 900 வி.ஏ. இன்வெர்ட்டர் ஓவர்லோட் காட்டி நின்றுவிடும். அடுப்படி பவர் ப்ளக் இன்வெர்ட்டர் லைனில் சேராமல் இருக்கிறதா என்றும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பாத்திரம்

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தப் பொம்மை ஒன்றை எடுத்துக்கொண்டு பாத்திர அலமாரிக்குப் போங்கள். அடியில் வைத்தால் கெட்டியாக ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டியும் ஒட்டாமலும் வழுக்கினால் அந்தப் பாத்திரம் சூடாக நேரம் எடுக்கும், அல்லது அடுப்பு அதை ஏற்காது.

எவர்சில்வர் எல்லாமே ஆகும் என்று நினைப்பது பொதுவான தவறு. நல்ல தரமான, பளபளக்கும் எவர்சில்வரில் பல காந்தம் பிடிக்காத ரகம். அதனால்தான் கம்பெனிகள் அடியில் தனியாகக் காந்தம் பிடிக்கும் தகடு ஒன்றை வைத்து ‘இண்டக்‌ஷன் பாட்டம்’ என்று விற்கின்றன. அலுமினியக் குக்கரும் அப்படித்தான். அடியில் அந்தத் தகடு இருந்தால் மட்டுமே ஆகும்.

நம் வீட்டுச் சீர் சாமான்களுக்கு வருவோம். பித்தளை அண்டா, வெண்கலப் பானை, செப்புத் தவலை, மண்சட்டி, கல்சட்டி எதுவும் ஆகாது. ஈயச் சொம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈயம் என்று நாம் சொல்லும் அந்த வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இண்டக்‌ஷனில் அது சூடாகாது என்பதால் சிலர் அடியில் இரும்புத் தட்டு வைத்து முயல்கிறார்கள். அந்தத் தட்டு சீக்கிரமே 232-ஐத் தாண்டும், சொம்பு போய்விடும். ரசத்தை இண்டக்‌ஷன் பாத்திரத்தில் வைத்து, நுரை கூடியதும் ஈயச் சொம்பில் ஊற்றி மூடி வைத்தால் போதும்.

பரணில் எனாமல் சாமான் இருந்தால் காந்தத்தை அதிலும் வைத்துப் பாருங்கள், ஆச்சரியமாக இருக்கும். ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று முத்திரை போட்டு வந்த அந்தக் கிண்ணங்களும் தூக்குகளும் உள்ளே இரும்புத் தகடுதான். காந்தம் டக்கென்று பிடிக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளிலும் இவை கிடைக்கும். ஆனால் பிடிக்கிறது என்பதற்காக அடுப்பில் ஏற்றிவிட வேண்டாம். காலி எனாமல் பாத்திரம் இண்டக்‌ஷனில் மிக வேகமாகச் சூடாகி, பூச்சு விரிந்து தெறிக்கும்; அடிப்பூச்சு இளகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளவும் கூடும். பூச்சு பெயர்ந்த பழைய எனாமலில் சமைப்பதும் நல்லதில்லை. அவற்றை அலமாரியிலேயே அழகுக்கு வைத்திருங்கள்.

இருப்புச்சட்டியும் வார்ப்பிரும்பு தோசைக்கல்லும் அருமையாக வேலை செய்யும், அடி தட்டையாக இருக்கும்வரை. குழிந்த அடியுள்ள சட்டி கண்ணாடியை ஒரு புள்ளியில் மட்டும் தொடும், அடுப்பு கத்தும். குழிப்பணியாரச் சட்டி அடியிலும் குழி குழியாக இருந்தால் அதுவும் ஆகாது, தட்டை அடி வைத்தது தனியாக விற்கிறது. அடி தட்டையா என்று பார்க்க ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் வேண்டாம். அடியின் அகலம் குறைந்தது 12 சென்டிமீட்டராவது இருக்கட்டும். தாளிப்புக் கரண்டி இதனால்தான் வேலை செய்யாது. குழம்புச் சட்டியிலேயே முதலில் தாளித்துவிட்டு மற்றதைச் சேர்க்கும்படி முறையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

‘எந்தப் பாத்திரமும் வைக்கலாம்’ என்று கடைக்காரர் ஒரு அடுப்பைக் காட்டினால் அது இன்ஃப்ராரெட் அடுப்பு. பார்க்க இதே மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே கம்பி சிவந்து எரிவது தெரியும். பித்தளையும் மண்சட்டியும் அதில் ஆகும் என்பது உண்மை. அதன் கண்ணாடி நெருப்பாகக் கொதிக்கும், அணைத்த பிறகும் வெகுநேரம் சூடு இருக்கும், கரண்டும் கூடுதலாகும். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு நான் இண்டக்‌ஷனைத்தான் சொல்வேன்.

வாங்கும்போது

இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு மூன்று பேர் வீட்டுக்கு 1600 முதல் 2000 வாட் போதும். தொடுதிரை வேண்டாம், அமுக்குகிற பட்டனோ திருகுகிற குமிழோ உள்ளதை வாங்குங்கள். கை ஈரமாக இருந்தாலும் வேலை செய்யும், ஆச்சிமார்களுக்கும் புரியும். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் காரைக்குடியிலேயே இருக்கிறதா, மதுரைக்கோ திருச்சிக்கோ அனுப்ப வேண்டுமா என்று கேளுங்கள். இந்தக் கேள்வி பத்து ரெடிமேட் மெனு பட்டன்களைவிட முக்கியம். கண்ணாடி உடைந்தாலும், பூச்சி புகுந்து கெட்டாலும் வாரண்டி பெரும்பாலும் கிடையாது. பில்லை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே வைப்பது, முதல் நாள் என்ன செய்வது

அடுப்பின் அடியில் ஒரு ஃபேன் இருக்கிறது. அது கீழிருந்து காற்றை இழுத்துப் பின்பக்கமோ பக்கவாட்டிலோ சூட்டை வெளியே தள்ளும். அதனால் அடியில் துணி, நியூஸ்பேப்பர், பிளாஸ்டிக் விரிப்பு எதுவும் போடக் கூடாது. காற்று இழுக்கும்போது பேப்பர் ஒட்டிக்கொண்டு ஓட்டையை அடைத்துவிடும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டாம்.

தரையில் உட்கார்ந்து சமைத்துப் பழகியவர்கள் ஆத்தங்குடிக் கல் தரையிலேயே வைத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். தரைத் தூசியும் கழுவி விடும் தண்ணீரும் நேராக ஃபேனுக்குள் போகும். ஒரு பலகையின் மேல் வைத்தால் சரி.

முதல் நாள் சமையல் வேண்டாம். இண்டக்‌ஷன் பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றி 1800 வாட்டில் வையுங்கள். ஆறேழு நிமிடத்தில் தளதளவென்று கொதிக்க வேண்டும். கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ப்ளக்கின் மேல்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் சாக்கெட்டுக்குள் பிடிமானம் தளர்ந்திருக்கிறது. சுவர் சுவிட்சை அணைத்து, ஆற விட்டு, உருவிப் பின்னைப் பாருங்கள்: பித்தளை நிறம் மாறி, ஓரத்தில் கறுத்து, சாக்கெட்டின் ஓட்டை விளிம்பு இளகி வளைந்திருக்கும். சில சமயம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரியும், கருவாடு வறுக்கிற மாதிரி ஒரு வீச்சம். அந்த வாசனை வந்தால் அன்றைக்கே சாக்கெட்டை மாற்றுங்கள். கறுத்த ப்ளக்கைப் புது சாக்கெட்டில் செருகினால் அதுவும் கருகும், ஆகவே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சமைத்து முடித்ததும் அடுப்பு பட்டனை அணைத்த பிறகும் ஃபேன் ஒரு நிமிடம் ஓடும். அது நிற்கும்வரை சுவர் சுவிட்சைத் தட்டாதீர்கள். இந்த ஒரு பழக்கம் அடுப்பின் ஆயுளைக் கூட்டும்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே பயன்படுத்த வேண்டும். ஓடும்போது அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பது பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை. குனிந்து சட்டிக்குள் பார்ப்பதையும் தவிர்க்க வேண்டும்.

சூட்டைப் பழகுவது

தீயின் உயரத்தைப் பார்த்துச் சமைத்த கைக்கு இங்கே பார்க்க ஒன்றும் இல்லை, எண்கள்தான். கேஸில் ‘சிம்’ என்பதற்கு ஏறக்குறைய 300, 400 வாட். சாதாரண வதக்கலுக்கு 800 முதல் 1000. தண்ணீர் கொதிக்க மட்டும் 1800. தாளிப்பை 1800-ல் தொடங்கினால் கடுகு வெடிப்பதற்குள் வெந்தயம் கருகிவிடும். 600-ல் எண்ணெயைக் காயவிட்டு மெதுவாக ஏற்றுங்கள்.

தோசையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பலரும் கைவிடுவது இங்கேதான். கம்பிச் சுருள் வட்டமாக இருப்பதால் கல்லிலும் ஒரு வளையம் மட்டும் முதலில் சூடேறும். அவசரப்பட்டு 1600-ல் வைத்து உடனே மாவை ஊற்றினால் நடுவில் சிவந்த வளையமும் சுற்றி வெள்ளை விளிம்புமாகத் தோசை வரும். வார்ப்பிரும்புக் கல் குளிர்ந்திருக்கும்போது முழு வேகத்தில் ஏற்றினால் விரிசல் விடவும் வாய்ப்பு உண்டு. 500 வாட்டில் ஐந்து நிமிடம் விடுங்கள். சூடு கல் முழுதும் பரவட்டும். தண்ணீர் தெளித்தால் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மாதிரி சுரீரென்று ஓட வேண்டும். அப்புறம் 800-க்கு ஏற்றி ஊற்றுங்கள். சுருளின் அகலத்தைவிடப் பெரிய தோசை வராது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சின்னதாக, நாலு கூடுதலாக வார்க்கலாம். கல்லைக் கண்ணாடி மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள், சொரசொரப்பான அடி கீறிவிடும்.

வெள்ளைப் பணியாரம் இன்னும் நுணுக்கமானது. எண்ணெய் அதிகம் காய்ந்தால் சிவந்துவிடும், போதாவிட்டால் எண்ணெய் குடிக்கும். அடுப்பில் ‘180 டிகிரி’ என்று வைத்தால் எண்ணெய் 180-ல் இருக்கும் என்று நம்ப வேண்டாம். வெப்பம் அறியும் சென்சார் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. எண்ணெயின் சூடு அதற்கு நேராகத் தெரியாது. டெம்பரேச்சர் முறையை விட்டு வாட் முறையில், தட்டை அடியுள்ள கனமான சின்னச் சட்டியில், 1000 வாட்டில் காயவிட்டு, ஒரு சொட்டு மாவு போட்டதும் நிதானமாக மேலே வந்தால் 600, 700-க்கு இறக்கி ஊற்றுங்கள். மாவு எழும்பி ஓரம் விரிவதைப் பார்த்து வாட்டைக் கூட்டிக் குறைக்கலாம். எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு வாசல் பக்கம் போகவே கூடாது. தீ தெரியாததால் எண்ணெய் காய்கிற வேகம் உறைக்காது.

கவுனி அரிசிக்கு (கறுப்பரிசி) இது நல்ல அடுப்பு. இரவே ஊறப்போட்டு, இண்டக்‌ஷன் பாட்டம் குக்கரில் முதல் விசில் வரும்வரை 1200, பிறகு 400-க்கு இறக்கி டைமர் வைத்துவிட்டால் நாம் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. குக்கர் சமையலில் விசில் கேஸைவிடச் சீக்கிரம் வரும். விசிலை எண்ணாமல் நேரத்தைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பட்டிப் பாகோ பாலோ பொங்கி வழிந்தால் அணைத்து, கண்ணாடி வெதுவெதுப்பாக இருக்கும்போதே பிழிந்த ஈரத்துணியால் துடையுங்கள். பாகு காய்ந்து இறுகினால் எடுப்பது கடினம். அப்போது சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி ஊறவிட்டுத் துடைக்கலாம். கம்பி நார் ஆகாது.

கரண்ட் பில்லைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். சராசரியாக 1200 வாட்டில் தினம் ஒரு மணி நேரம் என்றால் 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறி, முன்னால் ஓடிய யூனிட்டுகளுக்கும் கூடுதல் விலை விழும். ஏசி ஓடும் வீடு என்றால் அந்த எல்லையைக் கவனியுங்கள்.

சிக்கல் வந்தால்

கோட்டையூரிலிருந்து ஒரு ஆச்சி போன் செய்தார்கள். ‘தம்பி, அடுப்பு நின்னு நின்னு எரியுது. பால் பொங்குது, அடங்குது, மறுபடி பொங்குது. கெட்டுப்போச்சு போலயே?’ கெடவில்லை. விலை குறைந்த, நடுத்தர அடுப்புகளில் குறைந்த வாட் என்பது உண்மையில் சில வினாடி ஓடி, சில வினாடி நிற்பதுதான். இரண்டையும் சேர்த்துச் சராசரி 300 வாட். ‘ஆச்சி, அது அப்படித்தான். அடி கனமான பாத்திரத்தில் வையுங்க, அவ்வளவா தெரியாது’ என்றேன். கனமான அடி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுப்பு பீப் பீப் என்று கத்தி நின்றால் முக்கால்வாசி பாத்திரம்தான் காரணம். நடுவில் வைத்திருக்கிறீர்களா, காந்தம் பிடிக்கிறதா, அடி வளைந்துவிட்டதா என்று பாருங்கள். முன்பு நன்றாக ஓடிய பாத்திரத்தையே வைத்துச் சோதியுங்கள். அதற்கும் கத்தினால்தான் அடுப்பைச் சந்தேகப்பட வேண்டும். திரையில் ‘E’ என்ற ஆங்கில எழுத்தோடு எண் வரும். பாத்திரம் இல்லை, வோல்டேஜ் குறைவு, வோல்டேஜ் அதிகம், உள்ளே சூடு, சென்சார் கோளாறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். கம்பெனிக்குக் கம்பெனி எண் மாறும், ஆகவே கையேட்டின் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

ரீங்காரம் கேட்டால் பயப்பட வேண்டாம். அடுக்குத் தகடு வைத்த அடியில் அதிர்வுச் சத்தம் வரும், வாட்டைக் குறைத்தால் குறையும்.

பத்து நிமிடம் ஓடித் தானாக நின்று, ஆறிய பிறகு மறுபடி ஓடினால் உள்ளே சூடு அதிகம். முதலில் அடியில் ஏதாவது விரிப்பு இருக்கிறதா பாருங்கள். ப்ளக்கை உருவிவிட்டுக் கவிழ்த்து, ஓட்டைகளில் படிந்த எண்ணெய்த் தூசியைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். பிறகு செருகி, காதைக் கிட்டே வைத்து ஃபேன் சுற்றும் சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். சுற்றவில்லை என்றால் ஓட்டக் கூடாது. ஃபேனை மாற்றுவது சின்னச் செலவு, அதை விட்டு ஓட்டினால் போர்டே போகும்.

சாயங்காலம் மட்டும் வேலை செய்யவில்லை, காலையில் ஓடுகிறது என்றால் வோல்டேஜ். எல்லா வீட்டிலும் லைட்டும் மோட்டாரும் ஓடும் நேரத்தில் தெருக்கோடி வீடுகளில் வோல்டேஜ் இறங்கிவிடும். எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லி, தொடர்ந்து குறைவாக இருந்தால் மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். இதற்காக ஸ்டெபிலைசர் வாங்கினால் அடுப்பைவிட அதன் விலை கூடும். கரண்ட் போனதும் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். திரும்பி வரும்போது வோல்டேஜ் ஏறி இறங்கும். ஐந்து நிமிடம் கழித்துப் போடலாம். ஐப்பசியில் இடி இடிக்கும்போது ப்ளக்கையே உருவி வைப்பது பாதுகாப்பு.

எம்.சி.பி. விழுகிறது என்றால் எப்போது விழுகிறது என்று கவனியுங்கள். சுவிட்ச் போட்ட கணமே விழுந்தால் அடுப்புக்குள் ஷார்ட். சிறிது நேரம் ஓடிய பிறகு, கிரைண்டரோ அயர்ன் பாக்ஸோ போட்டதும் விழுந்தால் லைனில் சுமை அதிகம். விழுகிறதே என்று பெரிய எம்.சி.பி.யாக மாற்றச் சொல்லாதீர்கள். வயர் அதேதான், எம்.சி.பி. விழாமல் வயர் எரியும்.

பட்டன் எதுவும் கேட்கவில்லை என்றால் குழந்தைப் பூட்டு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டனை மூன்று வினாடி அமுக்கினால் பெரும்பாலும் விடுபடும். தொடுதிரை என்றால் மேலே ஈரமோ எண்ணெயோ இருக்கும்.

கண்ணாடியில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அதோடு நிறுத்திவிடுங்கள். டேப் ஒட்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும். குழம்பு வழிந்தால் அந்த விரிசல் வழியாகக் கரண்ட் ஓடும் பாகத்துக்கே இறங்கும்.

அடுப்பு முழுதாகச் செத்துவிட்டது, விளக்கே எரியவில்லை என்றால் அந்த ப்ளக்கில் வேறொரு சாமானைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் அடுப்பின் உள்ளே ஃப்யூஸ் போயிருக்கும். ஃப்யூஸ் தானாகப் போவது அபூர்வம். கரண்ட்டை வேகமாக மாற்றிக் கொடுக்கும் ஐ.ஜி.பி.டி. என்ற பாகம் வோல்டேஜ் ஏற்றத்தால் ஷார்ட் ஆகி, அதனால் ஃப்யூஸ் எரிந்திருக்கும். ஃப்யூஸை மட்டும் மாற்றினால் போட்டதும் மறுபடி போகும். வீட்டில் திறக்க வேண்டாம். ப்ளக்கை உருவிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். சர்வீஸ் கடையில் ‘ஐ.ஜி.பி.டி.யும் ரெக்டிஃபையரும் பார்த்தீர்களா, ஃபேன் ஓடுகிறதா’ என்று கேளுங்கள். போர்டு முழுதையும் மாற்ற வேண்டும் என்றால் விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். புது அடுப்பின் விலையில் பாதிக்கு மேல் என்றால் புதிதே வாங்கலாம்.

பூட்டிவிட்டுப் போகும் வீடுகளுக்கு

நம் ஊரில் பல அடுப்புகள் ஓடித் தேய்ந்து கெடுவதில்லை, பூட்டிய வீட்டில் சும்மா இருந்து கெடுகின்றன. அடியில் இருக்கும் காற்றோட்டைகள் வழியாகக் கரப்பானும் பல்லியும் புகுந்து, இருட்டும் கதகதப்புமான போர்டின் மேல் குடியேறிவிடும். அதன் எச்சம் பாகங்களுக்கு இடையில் படிந்திருக்க, ஆறு மாதம் கழித்து வந்து சுவிட்சைப் போட்டதும் டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஊருக்குக் கிளம்பும்போது அடுப்பைத் துடைத்து, முழுதாக ஆறிய பிறகு, பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே தெர்மகோலோடு வையுங்கள். வயரை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக மடித்துக்கொள்ளுங்கள். மழைக்கு ஒழுகாத அறையில், தரையில் இல்லாமல் அலமாரியில் இருக்கட்டும். பாத்திரங்களைப் பக்கத்திலேயே தனியாக வையுங்கள்; கண்ணாடி மேல் குக்கரை ஏற்றி வைத்தால் யாராவது பெட்டியை இழுக்கும்போது உடையும். திரும்பி வந்ததும் செருகுவதற்கு முன் டார்ச் அடித்து ஓட்டைகளுக்குள் பாருங்கள், லேசாகச் சாய்த்து ஆட்டுங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் அல்லது பூச்சி எச்சம் தெரிந்தால் நேராக சர்வீஸுக்குக் கொடுத்து, திறந்து சுத்தம் செய்து வாங்கிக்கொண்டு வாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் முதல் நாள் செய்த அதே 2 லிட்டர் தண்ணீர்ச் சோதனையைச் செய்து, ப்ளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பாலைக் காய்ச்சலாம்.